சதுரங்கப்பட்டினம் போய்வந்து எழுதும் பதில்

உன் கடிதம் வந்து வெகுநாளாகிறது. இத்தனை தாமதமாக நான் உனக்குப் பதில் எழுதியதில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ முதலில் அதைத்தான் நினைப்பாய் என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன். கண் நன்றாகத் தெரிகிறது. முழங்கால் வலி மழைக்கு முன்னால் வந்து மழையோடு போய்விடுகிறது. செங்கல்பட்டில் குழாய்த் தண்ணீர் வரும் நாளில் வருகிறது. எழுதாததற்குக் காரணம் நீ கேட்ட கேள்வி. நீல ஏர்மெயில் தாளின் கடைசி மடிப்பில், இடம் தீர்ந்துபோன இடத்தில், சின்ன எழுத்தில் கேட்டிருந்தாய். அந்த நாட்டுக் குடியுரிமையை எடுத்துக்கொள்ளலாமா என்று. நான் வேண்டாம் என்றால் எடுக்கமாட்டாய் என்றும், எப்படியும் அது ஒரு காகிதம்தான் என்றும். வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. இன்னொரு நாள், எடுத்துக்கொள் என்று எழுத உட்கார்ந்தேன். அதற்கும் ஓடவில்லை. இன்று எழுதுகிறேன். ஏர்மெயில் தாளின் மூன்று மடிப்புக்குள் அடங்காது என்று வெள்ளைத்தாள் எடுத்திருக்கிறேன்.

அதே கடிதத்தின் முதல் பக்கத்தில் சுதாவின் பள்ளிக்கூடச் சுற்றுலாவைப் பற்றி எழுதியிருந்தாய். முந்நூறு நானூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரர்களின் கடற்கரையைப் பார்க்க அவள் வகுப்பு முழுவதும் பஸ்ஸில் போகிறது. அந்தக் கப்பலைப் போலவே ஒன்று செய்து நிறுத்தியிருக்கிறார்கள். மரவீடுகள் கட்டி, அந்தக் காலத்து உடுப்பில் ஆட்கள் அடுப்பு மூட்டிக்கொண்டு, அந்தக் காலத்திலேயே இருப்பதுபோல் பேசுவார்களாம். வந்தவர்களில் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போனார்கள், அவர்களைப் புதைத்த மேடும் அங்கே இருக்கிறது என்று எழுதியிருந்தாய். போவதற்கு முன்னால் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று, தன் குடும்பம் எப்படி அந்த நாட்டுக்கு வந்தது என்று சொல்ல வேண்டியிருந்தது. சுதா, விமானத்தில் வந்தோம் என்றாளாம். எல்லாரும் சிரித்தார்களாம். அவளும் சேர்ந்து சிரித்தாளா என்று நீ எழுதவில்லை. கூடவர ஓர் அப்பாவோ அம்மாவோ வேண்டும் என்று டீச்சர் கேட்க, அவள் உன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். நீ முடியாது என்று சொல்லிவிட்டாய். அந்தக் குளிரில் நின்று பார்க்க அது என்ன நம்ம சரித்திரமா என்று என்னிடம் கேட்டிருந்தாய். முதல் பக்கத்தில் இந்தக் கேள்வி. கடைசி மடிப்பில் அந்தக் கேள்வி. இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான் என்பதை நீ கவனித்தாயோ இல்லையோ. நான் கவனித்தேன்.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் தணிகாசலம் நடுநிலைப்பள்ளியில் சரித்திர வாத்தியார். உன் வயதுதான் இருக்கும். போன வாரம் வாசலில் வந்து நின்றார். எட்டாம் வகுப்பைச் சதுரங்கப்பட்டினத்து டச்சுக்கோட்டைக்கும் அங்கிருந்து மாமல்லபுரத்துக்கும் கூட்டிப்போவதாகவும், கூடவர இருந்த வாத்தியாருக்குக் காய்ச்சல் என்றும் சொன்னார். "பிள்ளைங்களைப் பின்னாலேர்ந்து ஓட்டிக்கினு வர ஒரு ஆள் வேணும் கார்டு சார். உங்களுக்குப் பழக்கம்தானே" என்றார். சிரித்துவிட்டேன். சம்பளம் வாங்கிய காலமெல்லாம் ரயிலின் பின்னாலேயே போனவன் நான். எஞ்சினில் டிரைவருக்குப் பக்கத்தில் பேச ஒரு ஆள் உண்டு. கார்டுக்குக் கிடையாது. கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து, கடந்துவிட்ட ஊரைப் பார்த்துக்கொண்டே போவது. உன் அம்மா போன பிறகுதான் எனக்குத் தனிமை வந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஒவ்வொரு கடிதத்திலும் அது தெரிகிறது. அப்படியில்லை. முன்னால் அதை உத்தியோகமாகச் செய்தேன். இப்போது சம்பளமில்லாமல் செய்கிறேன். உன்மேல் அந்தப் பாரத்தை ஏற்றிக்கொள்ளாதே.

சனிக்கிழமை காலை புறப்பட்டோம். வாடகை பஸ், புளிச்சோற்று வாசனை, பாட்டு. திருக்கழுக்குன்றம் மலை தெரிந்ததும் பிள்ளைகள் கழுகு பார்க்க வேண்டும் என்று கூச்சல் போட்டார்கள். கழுகு உச்சிப்பொழுதுக்குத்தான் வரும், அதுவரை நிற்க முடியாது, மேலும் கழுகு சிலபஸில் இல்லை என்றார் தணிகாசலம். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், சிலபஸில் இருக்கிற ராஜாக்கள் மட்டும் நமக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்களா என்றாள். பஸ் முழுவதும் சிரித்தது. உனக்கு அந்த வயதில் இப்படியெல்லாம் பேச வராது. நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பையன். சுதா உன்னைப்போலவா, அந்தப் பெண்ணைப்போலவா என்று யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. அவள் குரலை நான் கேட்டதில்லை.

புதுப்பட்டினம் தாண்டும்போது ரோடெல்லாம் லாரிப்புழுதி. அணுமின் நிலையம் கட்டுகிறார்கள். நீ பார்த்த சவுக்குத்தோப்பு இப்போது வரிசைவரிசையாகக் குவார்ட்டர்ஸ். கடைத்தெருவில் இந்தி கேட்டது, மலையாளம் கேட்டது. அதையெல்லாம் கடந்தால் திடீரென்று கடல், அதன் பக்கத்தில் இடிந்த செங்கல் மதில். நீ அந்தக் கோட்டைக்குள் போனதே இல்லை. நானும் போனதில்லை. இத்தனை பக்கத்தில் இருந்தும். உள்ளே கல்லறைத்தோட்டத்துக்குத் தனியாக ஒரு கம்பிக்கதவு. பூட்டியிருந்தது. கதவோரம் கருவாட்டுக்கூடையை வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். பக்கத்துக் குப்பத்தைச் சேர்ந்தவள், பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது. காவல்காரர் எங்கே என்று வாத்தியார் கேட்டார். "டீ குடிக்கப் போயிகீறாரு. தோ வந்துடுவாரு, குந்துங்க" என்றாள். குந்தினோம். தோ என்பது அரைமணி நேரம் ஆனது.

கதவு திறந்ததும் எல்லாருக்கும் முன்னால் உள்ளே போனவள் அவள்தான். சுற்றிலும் மதில், நடுவே தரையோடு தரையாகப் பெரிய பெரிய கருங்கற்பலகைகள். ஒவ்வொன்றிலும் புடைத்து நிற்கும் எழுத்து. டச்சு மொழி, யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. மண்டையோடு, பூவளையம், சிறகு. ஒரு கல்லில் பாய்விரித்த கப்பல். கன்னியம்மா முந்தானையிலிருந்து ஒரு பொட்டலத்தை அவிழ்த்து அந்தக் கப்பலின் மேல் குங்குமம் வைத்தாள். இரண்டு கனகாம்பரம் வைத்தாள். காவல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். தொல்பொருள் டிபார்ட்மெண்டு ஆள் வந்து பார்த்தால் தன் வேலை போய்விடும் என்றார். போனால் போகட்டும், குப்பத்துக்கு வந்து வலை பின்னு என்றாள் அவள். தினம் அவர் ஈரத்துணியால் துடைப்பதும் தினம் அவள் வைப்பதுமாக நடக்கிறது போலிருக்கிறது. வாத்தியார் அவளிடம் பொறுமையாகச் சொன்னார், இது கிறிஸ்துவர்களுடைய சமாதி, பொட்டு வைப்பது அவர்கள் வழக்கமில்லை என்று.

"வேணாம்னு அவன் சொன்னானா?" என்றாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தார். பிறகு அவர்களை வரிசையாக நிற்கவைத்து, டச்சுக்காரர்கள் துணி வாங்க இந்தக் கரைக்கு வந்த கதையைச் சொன்னார். நெசவு, கிடங்கு, பீரங்கி, சண்டை. சண்டை வந்ததும் பிள்ளைகளுக்கு உயிர் வந்தது. கோட்டை மதில்மேல் ஏறிப் பார்க்க எல்லாரையும் அழைத்துக்கொண்டு அவர் போய்விட்டார். என் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் அந்தக் கற்களோடு இருந்தேன். பிள்ளைகளுக்கு அவர் சொன்ன கதை வந்தவர்களுடைய கதை. நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கல்லின் கீழே கிடப்பவனுக்கு அங்கே, அவன் ஊரில், ஓர் அப்பன் இருந்திருப்பான். மகன் செத்த சேதி கப்பலில் போய்ச்சேர எத்தனை மாதம். அதுவரை அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தான். என் பையன் கிழக்கே இருக்கிறான், அடுத்த கப்பலில் வந்துவிடுவான் என்று பக்கத்துவீட்டில் சொல்லிக்கொண்டிருந்திருப்பான். எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் அந்த ஆள் இல்லை. கடற்கரையில் நின்றவனுக்குக் கல் வைப்பதில்லை.

கன்னியம்மா போகாமல் நிழலில் உட்கார்ந்திருந்தாள். ஏன் அந்தக் கல்லுக்கு மட்டும் பூ என்று கேட்டேன். கப்பல் போட்டிருக்கிறதே, கடல் தெரிந்தவன் என்றாள். அவள் புருஷன் கடலூர்ப் பக்கம் தொழிலுக்குப் போயிருக்கிறானாம், அவன் திரும்பும்வரை வைப்பாளாம். குப்பத்தில் அவள் மாமியாரும் இப்படி வைத்தவள்தானாம். அந்தச் சமாதிக்கு உரியவர்கள் யாராவது வந்து பார்ப்பதுண்டா என்று கேட்டேன்.

"வெள்ளக்காரங்க எப்பனா கார்ல வருவாங்க. போட்டோ புட்ச்சிகினு பூடுவாங்க. இவன் ஆளுங்களா இன்னான்னு யாருக்குத் தெரியும்" என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "உனுக்குப் புள்ளைங்க கீறாங்களா நைனா?" என்றாள்.

நைனா என்று என்னைப் பார்த்து யாரும் சொல்லி வெகுகாலமாகிறது. உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை, சின்ன வயதில் நீ என்னை அப்படித்தான் கூப்பிட்டாய். காலேஜில் சேர்ந்த வருஷம் அப்பாவாக்கினாய். அது உனக்கு வேண்டியிருந்தது என்று புரிந்தது. ஒரே பையன், அமெரிக்காவில் இருக்கிறான் என்றேன் அவளிடம்.

"வந்துடுமா?"

இந்தக் கேள்வியைத் தெருவில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். பால்காரர், ஸ்டேஷன் ஆட்கள், உன் மாமா. அடுத்த வருஷம் என்றே எல்லாருக்கும் சொல்லிவந்திருக்கிறேன். நீ போன வருஷத்திலிருந்து அந்த அடுத்த வருஷம் அப்படியே இருக்கிறது. கன்னியம்மாவிடம் அது வாயில் வரவில்லை. அவள் முகம் தெரியாதவள், மறுபடி பார்க்கப்போவதில்லை என்பதாலோ என்னவோ.

"வரமாட்டான்மா" என்றேன்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். எதற்கென்று தெரியவில்லை. அவள் ஐயோ என்று சொல்லவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. கூடையை இழுத்து, அடியிலிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்தாள். "கஞ்சி கீது. குடிக்கிறியா?" என்றாள். குடித்தேன். கூடவே சுட்ட கருவாடு. உப்பு அதிகம்.

இப்போது உன் அம்மாவைப் பற்றி எழுதவேண்டும். நாம் இரண்டு பேரும் இதுவரை எழுதிக்கொள்ளவில்லை. அவள் போனபோது உனக்குத் தந்தி கிடைத்து, லீவு கிடைத்து, விமானத்தில் இடம் கிடைத்து நீ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொள்ளி வைத்தவன் உன் சித்தப்பா மகன் சேகர். நீ வந்து இறங்கியபோது அவன் மொட்டைத்தலையைப் பார்த்தாய். என்னைப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பார்த்தாய். அந்த நிமிஷத்திலிருந்து நீ எனக்கு எழுதும் எல்லாவற்றிலும் ஒரு மன்னிப்பு கேட்கும் குரல் இருக்கிறது. இந்தக் குடியுரிமைக் கேள்வியிலும் இருக்கிறது. எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் அது பொய். இருந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பிக்கதவுக்குள் கஞ்சி குடித்துக்கொண்டு இருந்தபோது ஒன்று தோன்றியது. தப்பான ஆள், தப்பான வழக்கம், தப்பான சாமி என்று எப்படி வேண்டுமானாலும் சொல். தன்னைப் பெற்றவர்கள் எட்டமுடியாத ஊரில் கிடக்கும் ஒருவனுக்கு இன்று காலை பூ வைத்தாயிற்று. சேகர் உன் அம்மாவுக்குச் செய்தான். அழுதுகொண்டே செய்தான். செய்யவேண்டியதை யாரோ ஒருவர் செய்துவிடுகிறார்கள். அது குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். குறைதான். ஆனாலும் நடந்துவிடுகிறது. அதை இனி நீ சுமக்கவேண்டாம்.

இன்னொன்று. என் நைனா கூடூர்ப் பக்கத்திலிருந்து ரயில்பாதையில் வேலை செய்ய வந்தவர் என்று உனக்குத் தெரியும். அங்கே எந்த ஊர் என்று உனக்குத் தெரியாது. எனக்கும் நிச்சயமில்லை. அவர் சொன்ன பெயரைச் சின்னவயதில் கேட்டிருக்கிறேன், இப்போது அது இரண்டு மூன்று பெயர்களாக நினைவில் இருக்கிறது. அவர் தெலுங்கில் திட்டுவார், தெலுங்கில் கும்பிடுவார், மற்றதெல்லாம் தமிழ். என்னிடம் அந்தத் திட்டும் போய்விட்டது. திரும்பிப் போகமாட்டேன் என்று தன் அப்பாவிடம் அவர் சொல்லிவிட்டு வந்தாரா? எனக்குத் தெரிந்து இல்லை. இங்கே இருந்தார், இருந்துவிட்டார். யாரும் அவரை உட்காரவைத்துப் பதில் சொல் என்று கேட்கவில்லை. உன்னைக் கேட்கிறார்கள். கையைத் தூக்கி உறுதிமொழி சொல்லச் சொல்கிறார்கள். உனக்கு வந்திருப்பது அவருக்கு வராத கஷ்டம். அதனால்தான் என்னைக் கேட்கிறாய். புரிகிறது.

மத்தியானம் மாமல்லபுரம். அங்கே சொல்ல ஒன்றுமில்லை, நீ எல்லாம் பார்த்திருக்கிறாய். கடற்கரைக் கோயிலைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடினார்கள். பல்லவர்களைப் பற்றி வாத்தியார் சொன்னதை அலை பாதி தின்றுவிட்டது. பாறை நிழலில் உட்கார்ந்து புளிச்சோறு தின்றார்கள். கழுகு பற்றிப் பேசிய அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் இலையிலிருந்த அப்பளத்தில் பாதியை உடைத்து எனக்குக் கொடுத்தாள். காலையில் பார்த்த சமாதி ஆட்கள் எல்லாரும் ஏன் தங்கள் ஊருக்குத் திரும்பவில்லை என்று கேட்டாள். செத்துப்போய்விட்டார்கள் என்றேன். அது தெரியும், சாவதற்கு முன்னாலேயே போயிருக்கலாமே என்றாள். இங்கே அவர்களுக்கு வேலை இருந்திருக்கும், வீடு இருந்திருக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இருந்திருக்கும் என்றேன். சொல்லும்போதே அது யாரைப் பற்றி என்று எனக்குத் தெரிந்தது. அவள் தலையாட்டிவிட்டு அப்பளத்தின் இன்னொரு பாதியைக் கடித்தாள்.

செங்கல்பட்டு திரும்பியபோது விளக்கு போட்டிருந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் அம்மாக்களும் அப்பாக்களும் நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளையும் இறங்கியதும் ஒரு கை வந்து பிடித்துக்கொண்டது. கடைசியில் வாத்தியாரையும் கூட்டிப்போக அவர் சம்சாரம் வந்திருந்தாள். நானும் அந்தத் தெருதான், கூடவே நடந்திருக்கலாம். ஸ்டேஷன் பக்கம் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் நடந்தேன். வேலை ஒன்றுமில்லை. பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் இந்தக் கடிதத்தை எனக்குள் எழுத ஆரம்பித்தேன்.

என் பதில் இது. எடுத்துக்கொள். வேண்டாவெறுப்பாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகவும் சொல்லவில்லை. தெரிந்து சொல்கிறேன். ஆனால் அது ஒரு காகிதம்தான் என்று இன்னொரு முறை எனக்கு எழுதாதே. என் மனம் நோகாமல் இருக்க நீ அதைச் சின்னதாக்குகிறாய். சின்னதாக்கி எடுத்தால் உனக்கு அங்கேயும் கால் ஊன்றாது, இங்கேயும் ஊன்றாது. பெரியதென்று தெரிந்து எடு. அதற்கு முன்னால் சுதாவோடு அந்தப் பஸ்ஸில் ஏறு. லீவு போடு, கம்பளி போட்டுக்கொள், போ. அந்தக் கடற்கரை உன் சரித்திரம் இல்லைதான். ஆனால் சுதாவின் பேரப்பிள்ளைகள் என்றாவது ஒரு வகுப்பில் எழுந்து நிற்பார்கள். எங்கள் ஆட்களில் முதலில் வந்தவர் இன்னார் என்று சொல்வார்கள். அவர்கள் சொல்லப்போகும் ஆள் நீ. உன்னைப்போல் வந்தவர்கள் எங்கே குளிரில் கிடந்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள், யார் யாரைப் புதைத்தார்கள் என்று நீ போய்ப் பார்த்துவிடு. அவர்கள் வருவதற்கு முன்னாலேயே அந்த மண்ணில் இருந்தவர்களைப் பற்றியும் அந்த டீச்சரிடம் கேள். சுதா சிரித்தாளா இல்லையா என்பதையும் வழியில் அவளிடமே கேட்டுவிடு.

அங்கே வந்து உங்களோடு இருக்கச்சொல்லி ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய். இருக்க வரமாட்டேன். பார்க்க வருவேன், முழங்கால் சம்மதித்தால். சுதாவின் குரலைக் கேட்கவேண்டும். இனி உன்னைப் பற்றித் தெருவில் யாராவது கேட்டால் அடுத்த வருஷம் என்று சொல்லப்போவதில்லை. அவன் அங்கேதான் இருக்கிறான் என்பேன். முதலில் கொஞ்சநாள் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பிறகு பழகிவிடும், அவர்களுக்கும் எனக்கும்.

நீ கையைத் தூக்கி அந்த வார்த்தைகளைச் சொல்லும் அன்று இங்கே நான் எப்போதும்போல் எழுந்து, குளித்து, எனக்கு மட்டும் சமைத்துச் சாப்பிடுவேன். அதற்காக நீ அங்கே முகத்தைத் தொங்கப்போட்டு நிற்காதே. மற்றவர்கள் சிரித்தால் நீயும் சிரி. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அது எந்த நாள் என்று முன்கூட்டியே எழுது, கடிதம் இங்கே வந்துசேர நேரம் விட்டு எழுது. இன்றுதான் அது என்று தெரியாமல் அந்த நாளை நான் கடந்துவிடக்கூடாது.